சாய வாய்க்கால் கல்லில் கிடைத்த பாசி

இன்று மதியம் உறுதியானது இது: எருமப்பட்டிக்கு அப்பால் மலை தெரியும் பக்கத்து ஏரியில், ஒரு கல்லில், உவர்நீரில் வளரும் பாசி இருக்கிறது.

சொன்னவர், சேலத்துக் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தும் ஆசிரியர். மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன்.

இதற்குமேல் எதுவும் உறுதியில்லை, நண்பர்களே. ஆனால் ஊர் இதற்குமேல் வெகுதூரம் போய்விட்டது!

பயமாக இருக்கிறது. அதனால்தான் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு எழுதுகிறேன்.

ஏரி இடுப்பளவு ஆழம்தான். இந்தக் கோடையில் தண்ணீர் கரித்துவிட்டது. கரையோரம் வெள்ளைப் பொருக்கு. மணியக்காரரின் பட்டியில் ஆடுகள் செத்தன.

ஏரிக்கு மேற்கே செங்கோடன் என்பவர் நூலுக்குச் சாயம் போடுகிறார். பட்டறை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. கழிவு ஒரு சிறு வாய்க்கால் வழியே ஏரியில் விழுகிறது.

பழி போட ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. போன வாரம் அவருடைய சாயத் தொட்டி ஒன்றை யாரோ உடைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் இந்த ஏரியைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் நானும் கூடவே கிளம்பினேன். கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் அவர் மைக்ராஸ்கோப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. (கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்!)

வழியில் விளக்கினார். கல்லில் பழுப்பாக வழுக்குகிறதே, அதில் டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. கண்ணாடி மாதிரி ஓடு. நல்ல தண்ணீருக்கு ஒரு வகை, உவர்த் தண்ணீருக்கு வேறு வகை. எந்த வகை அதிகம் என்று பார்த்தால் ஏரியின் உடம்பு எப்படி என்று சொல்லிவிடலாம்.

ஏரிக்குப் போனோம். கல்லெல்லாம் பளபளவென்று இருந்தது!

மணியக்காரர் பெருமையாகக் கும்பிட்டார். "வாங்க சாமி! பெரிய படிப்புப் படிச்சவுங்க வாராங்கன்னாங்க. பாசியும் வழுக்கலுமாக் கெடந்தா நம்மூருக்கு மானக்கேடில்லீங்களா? நேத்தே ஆளு வுட்டுத் தேங்கா நாரு போட்டுத் தேச்சுப்புட்டமுங்க!"

(மதகுக்குச் சுண்ணாம்பு வேறு.)

ஆசிரியர் தலையில் கைவைத்தார். "ஐயோ, நான் பாக்க வந்ததே அந்த வழுக்கலத்தாங்க!"

சுற்றிச் சுற்றித் தேடினோம். பழுப்பு மாறாத கல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சாய வாய்க்கால் ஏரியில் விழும் இடத்துக் கல். அந்தப் பக்கம் கால் வைக்க யாருக்கும் மனமில்லாததால் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

அதைத்தான் சுரண்டி எடுத்தார். சாவடியில் பெட்டியைத் திறந்து பார்த்தார். சுற்றிலும் கூட்டம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன்.

யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது என் பழக்கம். இத்தனை வருடமும் அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றும் உரக்கக் கேட்டேன்: "உவர்நீர்ப் பாசி மட்டும்தான். நல்ல தண்ணீர்ப் பாசி ஒன்றும் இல்லை. எழுதிக்கொள்ளலாமா?"

"இந்தக் கல்லுல" என்றார் அவர்.

அந்த இரண்டு சொல்லை யாரும் கேட்கவில்லை!

"பேப்பர்காரரே சொல்லிப்போட்டாரு! ஏரியக் கெடுத்தவன் செங்கோடந்தான்!" என்று ஒருவர் கத்தினார். "இன்னும் என்னத்துக்குங்க ரோசன?" என்றார் இன்னொருவர்.

ஆசிரியர் பதறிப்போய்ச் சொன்னார். ஒரு கல் போதாது. நடு ஏரிச் சேறு வேண்டும். டயாட்டம் செத்தாலும் அதன் ஓடு சேற்றில் அடுக்கடுக்காக இருக்கும். அடிச்சேற்றிலும் உவர் வகையே இருந்தால், சாயப்பட்டறை வருவதற்கு முன்பே ஏரி கரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செங்கோடன், சேறு எடுக்க மூங்கில் குழாயோடு ஏரியில் இறங்கப் போனார். ஊர்க்காரர்கள் விடவில்லை. "நீ எறங்குனா சேத்துலயும் எதையாச்சும் கலக்கிப்போடுவே!"

கடைசியில் மணியக்காரரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குழாயைச் சேற்றில் அழுத்தினார். மேலே கறுப்பு, கீழே வெளிறிய சாம்பல். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் ஆசிரியர்.

கிளம்பும்போது செங்கோடன் என் பின்னாலேயே வந்தார். அவர் மனைவி குழந்தைகளோடு வாசலில் நின்றார். மூட்டை கட்டியாகிவிட்டது.

"ஏனுங்க, எங்கூட்டுக் கொளந்தைகளும் இந்தத் தண்ணியத்தானுங்க குடிக்குது. நானே கெடுப்பனுங்களா?"

நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

"பேப்பருல எம் பேரு வருங்களா?"

"வராது" என்றேன். (ஊர் முழுக்க அவர் பெயரைப் பரப்பிவிட்டு!)

ஒன்றை மறைக்கக் கூடாது. அடிச்சேற்றில் நல்ல தண்ணீர்ப் பாசி இருந்து, மேற்சேற்றில் மட்டும் உவர்ப் பாசி இருந்தால், அது செங்கோடனுக்கு எதிராகவே போகும். எனக்கு அந்தப் பயமும் உண்டு. ஆனாலும் அது தெரிந்த பிறகு ஊர் முடிவு செய்யட்டும்.

சேற்றை அமிலத்தில் காய்ச்சி, அலசி, உலர்த்திப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலைதான் முடிவு தெரியும். அதற்கு முன்னால் முடியவே முடியாது என்கிறார் ஆசிரியர்.

செங்கோடனை ஊரில் வைத்திருப்பதா என்று முடிவு செய்யும் ஊர்க்கூட்டமோ வெள்ளிக்கிழமை காலை.

இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "சொல்லி வுட்டாச்சுங்க. மாத்துனா நானும் அவங்கூடச் சேந்துட்டேன்னு பேசுவாங்க" என்றார் மணியக்காரர். அவருக்கும் பயம்தான்!

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே போகிறேன். வெறுங்கையோடு போவதாகத்தான் இருக்கிறது.

உங்களில் யாராவது, சாயப்பட்டறை வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போனபோது, அந்த ஏரித் தண்ணீரை ஒரு வாய் குடித்ததுண்டா?

கரித்ததா, இல்லையா?