ஈஸ்வரி தாண்டி வந்த முதல் வருடம்

மானகிரி ஈஸ்வரிக்குப் பேராசிரியர் மெய்யநாதனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். காரைக்குடி வட்டாரத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறவர் அவர் ஒருவர்தான். கல்லூரி லேப் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படிக்க வீட்டு நிலைமை இடம் தராது. அவர் சேர்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முதல் நேர்காணலில் அவர் பலகையில் ஒரு சின்ன மேட்ரிக்ஸை எழுதி, அதன் ஐகன் மதிப்பைக் கேட்டார். ஓர் எந்திரம் ஆடி அடங்குமா, தறிகெட்டு ஓடுமா என்று சொல்கிற எண் அது. ஈஸ்வரி அதை எப்போதும் கணினியில் தட்டித்தான் வாங்கியிருக்கிறாள். கையில் சாக்பீஸைக் கொடுத்ததும் திருதிருவென்று விழித்தாள்.

“டிப்ளமோவா?”

“ஆமா சார்.”

“அதான பாத்தேன். பாலிடெக்னிக் முடிச்சிட்டு நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருசத்துல வந்து குதிச்சிர்றீக. மேட்ரிக்ஸ் இருக்கிறது மொத வருசத்துல. போ, போயி அதப் படிச்சிட்டு வா.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது கொதித்தது. ஒரு வருடம் மிச்சம் என்று அன்று வீடே மெச்சிக்கொண்டதே, அது இப்படிக் கழுத்தறுக்கும் என்று எவன் சொன்னான்?

மறுவாரமே, வேலை பார்க்கும் கல்லூரியில் முதல் வருடக் கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

“லேப் அக்கா அரியர் எழுத வந்திருக்காக டோய்!” என்றது ஒரு குரல்.

“வாய மூடிக்கிட்டுப் போர்டப் பாருடா” என்று சீறினாள்.

கணக்கு ஆசிரியை சினேகாவுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டே பாடத்தை நகரவிடாமல் செய்கிறாள் என்று முதல்வரிடம் புகார் போனது. ஈஸ்வரி அசையவில்லை. ஆர்வம், அறிவுத்தாகம் என்றெல்லாம் மேடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். மெய்யநாதன் மூஞ்சியை நினைத்து நினைத்தே அவள் ஒவ்வொரு கணக்கையும் போட்டாள். வன்மம்தான், வேறென்ன.

அடுத்த வருட நேர்காணலில் பலகையை நிரப்பினாள். அவர் விடாமல் குடைந்தார். கடைசியில் ஒன்றில் மாட்டிக்கொண்டாள்.

“இது இன்னும் படிக்கல சார். நீங்க மொத வருசத்ததான் படிச்சிட்டு வரச் சொன்னீக.”

அவர் சிரிக்கவில்லை. “கையெழுத்து கேவலமா இருக்கு. திங்கக்கிழம வந்து சேரு. தெனமும் எங்கிட்ட போர்டுல போட்டுக் காட்டணும். முடிக்க அஞ்சு வருசம் ஆகும்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எடம் கெடச்சிருச்சுங்கிற, மூஞ்சிய ஏண்டி உர்ருனு வச்சிருக்க?”

“அஞ்சு வருசமும் அந்தாளுகிட்டதானம்மா குப்ப கொட்டணும்!”