மெனுவை மறைத்த பிறகு

1991இல் ஒரகடம் போகும் ரோட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தகடு வெட்டி, வண்டிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. எனக்கு முன்பே அங்கே வேலை பார்த்தவள் அம்மா. ஆபீசைப் பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மதியம் ஆளில்லாத நேரத்தில் விளக்கையும் ஃபேனையும் நிறுத்துவது அவள் பொறுப்பு. "என் பொண்ணு பன்னெண்டாவது பாஸ் சார், டைப்பு, கம்ப்யூட்டரு எல்லாம் படிச்சிக்கீது" என்று மேனேஜரிடம் சொல்லி என்னை உள்ளே கொண்டுவந்தவளும் அவள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்லை. நடக்கிற நடையிலேயே தெரியும் என்று அத்தை கிண்டல் செய்வாள்.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதைத் துடைக்க அம்மாவைத் தவிர யாரையும் மேனேஜர் விடமாட்டார். பின்பக்க யார்டில் ஸ்கிராப் பொறுக்கும் பெண்களுக்கு நாள் முழுக்க வெயில், கையெல்லாம் தகரக் கீறல். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அதனால் அந்தக் குளிர்ந்த அறை அவளுக்குப் பெரிய விஷயம். துடைத்து முடித்ததும் தரையில் கொஞ்ச நேரம் கால் நீட்டி உட்கார்ந்து, நான் தட்டுவதைப் பார்ப்பாள்.

"இன்னா மேடம், இந்த வேகத்துல போனா மிசினு ஒடஞ்சிடப்போவுது."

"உடைஞ்சா உன் சம்பளத்துல பிடிப்பாங்க."

"என் சம்பளத்துக்கு ஒரு பட்டன் கூட வராதுடி."

கடிதம் அடிக்கிற வேர்ட்ஸ்டார் புரோகிராமில் எழுத ஆரம்பித்தால் திரையின் மேல் பக்கம் மெனு வந்து நிற்கும். எந்தக் கட்டையை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பச்சை எழுத்தில் வரிவரியாக இருக்கும். எழுத மிச்சம் கிடைப்பது அதற்குக் கீழேதான். அக்கவுண்டன்ட் வேறு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அதை உரக்கப் படிப்பார். "மார்ஜின் ரிலீஸ்னா இன்னாம்மா? யாரை ரிலீஸ் பண்ணுது?" எனக்கு அந்த மெனு தேவையே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் இன்ஸ்டிட்யூட்டிலேயே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். அது தலைக்கு மேல் நிற்பது, பன்னிரண்டாவது முடித்தவள் கையில் மறுபடியும் அரிச்சுவடியைத் திணிப்பதுபோல் இருந்தது.

அம்மாவுக்கும் அந்த மெனு ஒரு அடையாளம். நானே சொல்லிக்கொடுத்தது. மேலே எழுத்து நின்றால் நான் வேலையை முடிக்கவில்லை, தொடக் கூடாது. திரை இருட்டாக இருந்தால் முடித்துவிட்டேன் என்று அர்த்தம். சுவரில் ஸ்விட்சை நிறுத்தி, மேலே துணி உறையைப் போட வேண்டும். ஏசி இரைச்சலில் மிஷின் ஓடுகிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொட்டேஷன் அடிக்க வேண்டியிருந்தது. நாலு மணிக்கு மேனேஜரே அதை எடுத்துக்கொண்டு காரில் மெட்ராஸ் போகிறார். கவனம் சிதறக் கூடாதென்று கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஜே தட்டினேன். எந்த அளவுக்கு உதவி வேண்டும் என்று திரை கேட்டது. மூன்று என்றிருந்ததைப் பூஜ்ஜியமாக்கினேன். மெனு போயிற்று. ஓர அளவு காட்டும் ரூலர் கோட்டையும் எடுத்தேன். உச்சியில் ஒரே ஒரு வரி மட்டும் போக மறுத்தது. அதுவும் கண்ணை இழுக்கக் கூடாதென்று மானிட்டரின் பிரைட்னஸைத் திருகிக் குறைத்தேன்; நான் அடிப்பது மங்கலாகத் தெரிந்தாலே எனக்குப் போதும். முழுத் திரையும் எனக்கே கிடைத்தது. மதியத்துக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டேன். புதுப் பக்கம் தொடங்கி, அது வெறுமையாக இருக்கும்போதே சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மேல் உறை போட்டிருந்தது. ஓரங்களைக்கூட இழுத்துவிட்டுச் சரியாகப் போட்டிருந்தாள். காலையிலிருந்து அடித்ததை நான் ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. சேவ் செய்யச் சொல்லும் வரியும் மெனுவோடு போய்விட்டது. இத்தனை நாளும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என் சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அவர் பின்னாலேயே அம்மாவும் வந்தாள்.

"யார் ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார். எழுத்தே காணோம், நின்னுபூட்சின்னு நெனச்சி…"

அவர் என்னைப் பார்த்தார். "நாலு மணிக்குள்ள திரும்ப அடிக்க முடியுமா?"

"முடியும் சார்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். திரையை இருட்டாக்கியது நான், அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதலில் வேலையை முடிப்போம், கொட்டேஷன் நேரத்துக்குப் போய்விட்டால் அவர் கோபம் தணிந்திருக்கும், அப்போது சொல்வோம் என்று நினைத்தேன். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

மறுபடியும் மெனுவை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பின்னால் மேனேஜர் ஏதோ சொன்னார். அம்மா ஏதோ சொன்னாள். கதவு திறந்து மூடியது. எல்லாம் அடுத்த வீட்டு ரேடியோபோல் கேட்டது. அப்படி நான் அதற்கு முன் தட்டியதில்லை. ஒரு பிழை இல்லை. சொல்லக் கூசுகிறது, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்து "வெரி குட்" என்றார்.

"சார், அம்மா…"

"அதெல்லாம் முடிஞ்சுது. யார்டுக்கு அனுப்பிட்டேன். வேலையிலேர்ந்து எடுக்கலையே, போ." கார் கிளம்பிவிட்டது.

அம்மா யார்டில் கோணிப்பை வைத்துக்கொண்டு தகட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குனிய முடியாமல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"பூட்சா காரு?"

"போயிடுச்சும்மா."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான்."

"அப்ப வுடு."

"அம்மா, மிஷின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மேல இருந்த எழுத்தை நான்தான் எடுத்துட்டேன். தொந்தரவா இருந்துச்சு."

கையிலிருந்த துண்டைப் பையில் போட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருக்கமாட்டேனே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "இன்னாக்கா, ஆபீசரம்மா யார்டுக்கே வந்துட்டாங்க!" என்று சிரித்தாள். நானும் ஒரு துண்டை எடுக்கக் குனிந்தேன். "கைய கிய வெச்சிடாதே, கீறிடும். அப்புறம் எப்டி தட்டுவே?" என்று அம்மா என்னை விரட்டினாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். மெனு, ஹெல்ப் லெவல், பிரைட்னஸ் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நல்ல பொண்ணும்மா நீ. அம்மாவைக் காப்பாத்த என்னென்னமோ சொல்றே."

"இல்ல சார், நெஜமா."

"நேத்து உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நீயும் அங்கதானே உட்கார்ந்திருந்தே? ஒண்ணும் சொல்லலியே."

விவரமாக விளக்க விளக்க, படித்த பெண் யோசித்துக் கட்டிய கதையாகத்தான் அது அவருக்குப் பட்டிருக்கும். அடிக்க வேண்டிய அடுத்த தாள்களை அவர் என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா வேலையை விடும்வரை யார்டில்தான் இருந்தாள்.