அண்ணி கூட்டித் தள்ளிய அத்தப்பூ

நேற்று பேரனுக்குச் செருப்பு வாங்க இடப்பள்ளியில் ஒரு பெரிய மாலுக்குப் போனேன். நடுக்கூடத்தில் ஓணப் பூக்களம், பூவாலேயே இட்ட பெரிய கோலம். சுற்றிலும் கயிறு, பக்கத்தில் ஒரு காவலாளி. பூவெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்த செண்டுமல்லி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி ஞாபகம்தான், வேறென்ன!

அறுபதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் தாத்தா காலத்திலேயே வந்து ஊன்றிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் ஒரு மிளகு மண்டியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் சேலையில் சுக்கும் மிளகும் அப்படி மணக்கும், படகில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தும்முவார்கள். அந்த வருஷம் ஆனியில் அண்ணனுக்குத் திருநெல்வேலியில் பெண் எடுத்தோம். பாவம் அண்ணி, வந்து இறங்கியதே கொட்டுகிற மழையில். போட்ட கோலம் கரைந்தது, துணியெல்லாம் பூசணம் பிடித்தது. போதாததற்கு, மலையாள தேசத்தில் மந்திரவாதம் அதிகம், வாசலைப் பார்த்துக்கொள் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலை தீபாவளிக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று என்னிடமே சொல்லிவிட்டாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் மழை விட்டது. காயலோரமெல்லாம் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்தது. ஓணத்துக்குப் பூவிடத் தொடங்கும் அத்தம் நாள் விடியுமுன், புதுப்பெண் கண்டு சந்தோஷப்படட்டுமே என்று அடுத்த வீட்டு அம்மிணிச் சேச்சியும் நானும் எங்கள் வாசலைச் சாணத்தால் மெழுகினோம். தும்பைப்பூவை வட்டமாக இட்டோம். அன்றைக்குச் சிவப்புப் பூ ஆகாது. நடுவில் ஒரு சாண உருண்டை, அதில் ஈர்க்குச்சியில் குத்திய பூ. வேலை அழகாக முடிந்த திருப்தியில் நான் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட புத்திசாலி பாருங்கள்!

அலறல் கேட்டுத்தான் எழுந்தேன்.

"செய்வினை வச்சிருக்காவ! குச்சி வேற குத்தியிருக்காவ!"

அண்ணி எல்லாவற்றையும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிவிட்டு, மெழுகிய இடத்தில் உப்பையும் மிளகாயையும் கொட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வாசலில் சேச்சி. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வீட்டோடு பேச்சு அறுந்தது, அண்ணியும் இன்றே ரயில் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன்.

சேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தா மோளே, பயந்து போயோ? இது மாவேலி ராஜா வரான்னு இடுற பூவாணு!" என்று மிச்சப் பூ இருந்த கூடையை அண்ணி கையில் கொடுத்து, பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிதறிக் கிடந்த சாண உருண்டையைப் பார்த்தாள். "எங்கூர்ல மார்கழிக்குப் பூசணிப்பூவ இப்படித்தான வைப்போம்!" என்றாள். திருவோணம் வரை இருவரும் சேர்ந்தே பூவிட்டார்கள். வட்டமாக இடவேண்டிய பூவில் அண்ணியின் புள்ளிக் கோலம் அங்கங்கே மூலை தள்ளியிருக்கும்.

தீபாவளிக்குப் போன அண்ணி, நாங்கள் யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தாள். மார்கழி பிறந்த காலை, சேச்சியின் வாசலில் சாண உருண்டையும் பூசணிப்பூவும். "அய்யோ, எனக்கு ஆரோ மந்திரவாதம் செஞ்சே!" என்று சேச்சி போட்ட கூச்சலில் தெருவே சிரித்தது.

சேச்சி காலமாகிவிட்டாள். எங்கள் இரண்டு வீடுகளும் இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி. அண்ணியும் நானும் காயலுக்கு இந்தப் பக்கம் தேவராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். தும்பையைக் கண்ணால் பார்த்தே வெகுகாலம். அண்ணி கடைப்பூ வாங்கி ஒப்பேற்றுகிறாள். இந்த வருஷ அத்தத்தன்று எங்கள் வாசலில் பூவிட்டு முடித்தவள், மிச்சப் பூவோடு எதிர்வீட்டின் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"அங்க ஆரு இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை.