இந்த முறை வெல்லுவாங்கள்

மெல்பேர்ணில் இருந்த என் அண்ணாவுக்கு அவுஸ்திரேலியக் கால்பந்து என்றால் உயிர். அவருடைய அணியோ பெரும்பாலும் கடைசி இடத்தில்தான் நிற்கும். ஆனாலும் ஒவ்வொரு புதுப் பருவத்துக்கு முன்பும் ரொறன்ரோவில் இருக்கும் எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, இந்த முறை வெல்லுவாங்கள், பார்!" என்பார். நான் 'ஓம், ஓம்' என்றபடி சமைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் போன் வரவில்லை. இனிப் பலனில்லை என்று வைத்தியர்கள் அண்ணாவுக்கான சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள் என்று அண்ணிதான் சொன்னார். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தே அண்ணாவை அழைத்தேன்.

"அண்ணா, இந்த முறை உங்கட ரீம் எப்பிடி?"

"உவங்கள் தோற்பாங்கள். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டன்."

"இல்லை அண்ணா, புதுக் கோச் வந்திருக்கிறார். இளம் பெடியள் நல்லா ஓடுறாங்கள். காயப்பட்டவையும் திரும்பி வருகினம்." வருடாவருடம் அவர் சொன்னதையே அவருக்குச் சொன்னேன்.

அண்ணா மெல்லச் சிரித்தார். "அப்ப, நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனியோ?"

முதல் ஆட்டத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். அணி அதிலும் தோற்றது. அன்று பஸ்ஸில் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. அண்ணாவும் நம்பியிருக்கமாட்டார். ஆனாலும் நான் நிறுத்தியபோதெல்லாம், "இன்னும் சொல்லு" என்றார்.