பயிற்சிக்கு வந்த பள்ளிக்கூடம்

ஜமுனாமரத்தூரில் இன்று தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக்கு, ஓர் ஆசிரியை தன் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வந்துவிட்டார். சொன்னவர் பயிற்சி தர வந்த அலுவலர். போய்ப் பார்த்தேன், உண்மைதான்.

"பயிற்சி உங்களுக்கா, இவங்களுக்காம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

"எனக்குத்தாங்க சார். எங்க ஸ்கூல்ல நா ஒருத்திதான். மூணு நாள் மூடுனா பசங்க சாமை அறுப்புக்குப் போய்டுவாங்க. அப்புறம் வூடு வூடாப் போய் இட்டுனு வரணும்."

ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் நடத்துவது எப்படி என்பதுதான் இன்றைய பாடம். வழக்கப்படி ஆசிரியர்களே மாணவர்களாக நடிக்க வேண்டும்.

"நெஜப் பசங்களே இருக்காங்க சார், நாங்க இன்னாத்துக்கு நடிக்கணும்?" என்றார் ஆலங்காயத்து ஆசிரியர் ஒருவர்.

அலுவலரும் சம்மதித்தார். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குகளை எழுதிப் போட்டுவிட்டு, சின்னவர்களுக்கு எழுத்து சொல்லித்தர உட்கார்ந்தார். 'அ' முடிவதற்குள் நான்காம் வகுப்புச் சிறுமி எழுந்தாள்.

"முடிச்சிட்டோம் சார். இப்போ இன்னா?"

அலுவலர் ஆசிரியர்கள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார். சாப்பாட்டு நேரம் வரை விவாதம் ஓயவில்லை.

மீதிப் பயிற்சியை அந்த ஆசிரியையின் பள்ளியிலேயே நடத்த அலுவலர் அனுமதி கேட்டிருக்கிறார். மேலிடத்துப் பதில் நாளைக் காலை முதல் பேருந்தில் வருமாம். வராவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் மலைப்பாதையில் நடந்து வர வேண்டும்.

எங்கே நடந்தாலும் அந்தச் சிறுமி கேட்கத்தான் போகிறாள். பதில் தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.