ஒரு பருக்கை மிஞ்சாமல்

நாங்கள் குடியேறியிருக்கும் மவுண்ட் வெல்லிங்டனில் மருந்துக்கடை வைத்திருக்கும் அந்தப் பாலஸ்தீனியர் நல்ல உயரம். நரைத்த மீசை. ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் எங்கள் தமிழ்ச் சனம் உயிர் பிடித்திருந்தது வெறுங்கஞ்சியில். அதை நினைத்து ஒவ்வொரு மே மாதமும் மண்டபத்தில் கூடித் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி குடிப்போம். வருடம் தவறாமல் அவரும் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்து, ஒரு பருக்கை மிஞ்சாமல் குடிப்பார்.

இந்த வருடம் அவரைப் பேச அழைத்தவரே எங்கள் சங்கத் தலைவர்தான். மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்த பிறகு தலைவர் என்னைத் தனியே இழுத்தார்.

"அவர் கதைக்க வேண்டாம் தம்பி. அது அரசியல். பிறகு எங்களுக்கு இந்த மண்டபம் தரமாட்டாங்கள்."

"அப்ப நாங்கள் கஞ்சி குடிக்கிறது அரசியல் இல்லையோ அண்ணை?"

"நீயே போய்ச் சொல்லிவிடு" என்றுவிட்டு மேடைக்குப் போய்விட்டார்.

சொன்னேன். மருந்துக்கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை.

"என் தகப்பனின் ஊரை இடித்து, மேலே பைன் மரம் நட்டார்கள். இப்போது அது பூங்கா. வாசல் பலகையில் மரங்களின் வரலாறு இருக்கிறது, ஊரின் பெயர் இல்லை. அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உங்களிடம் எதிர்பார்த்தேன்."

பிறகு வரிசையில் நின்று கஞ்சி வாங்கினார். மேடையில் தமிழில் பேசிய தலைவரின் குரல் தழுதழுத்தது.

"என்ன சொல்கிறார்?" என்று மருந்துக்கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"உலகம் எங்களைக் கைவிட்டுவிட்டது என்கிறார்."

தலையசைத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு பருக்கை மிஞ்சாமல் குடித்தார். அந்தக் கஞ்சி அவருக்கு எப்படி உள்ளே இறங்கியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.