மாற்று ஆள் கேட்காத எர்னஸ்டின்

காப்பியை வாயில் ஊற்றி, இரண்டு கன்னத்துக்கும் உருட்டி, தொட்டியில் துப்பிவிடுவார் எர்னஸ்டின் கோல்பர்ட். விழுங்க மாட்டார். காவலர் அறைக்குப் புதிதாக வந்தவன் எவனாவது காப்பி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தன் கோப்பையையும் கொட்டப் போவான்.

"காப்பி நல்லாத்தான் இருக்கு கண்ணு, நீ குடி" என்பார். "நான் குடிச்சா போகணும். போகணும்னா கேக்கணும். கேட்டா வரமாட்டானுங்க."

விஷயம் அவ்வளவுதான். எங்கள் சிறையின் டி பிளாக்கில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அந்தக் கல்சிறையை அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் கட்டியபோது உள்ளே பெண் காவலர் வருவார் என்று எவனும் நினைக்கவில்லை. வந்த பிறகும் எவனும் நினைக்கவில்லை. போகவேண்டும் என்றால் வாக்கிடாக்கியில் மாற்று ஆள் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது சிறை முழுக்கக் கேட்கும். யாராவது வந்து நின்றால், முற்றத்தைத் தாண்டி அலுவலகக் கட்டடம் வரை நடக்கலாம். வராவிட்டால் நிற்கலாம். நான் அங்கே கொதிகலனும் குழாயும் பார்க்கிறவன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிப்பறை போட எனக்கு ஒரு வாரம் போதும். சிறைக்குத் தலைமையாக அடுத்தடுத்து வந்த வார்டன்களிடம் சொல்லிப் பார்த்தேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தோளில் தட்டினார்கள். தோள்தான் வலிக்கிறது.

ஆள் குள்ளம். கறுப்பு நிறம், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார். ஆண்களுக்குத் தைத்த கால்சட்டையை இடுப்பில் மடித்துக் கட்டிய காலம் போய், இப்போது பெண்களுக்கென்று தைத்தது வருகிறது. பழக்கதோஷம், இன்னும் இடுப்பை மேலே இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். சாவிக்கொத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டுதான் நடப்பார். மற்றக் காவலர்கள் கழுத்துமணி கட்டின மாடுபோல வருவார்கள். எர்னஸ்டின் வருவது தெரியாது. கேட்டால், "தூங்குறவனை எழுப்பிவிட்டா அவன் எரிச்சல் யார் தலையில விடியும்? என் தலையில. எனக்கென்ன வேண்டுதலா?" என்பார்.

கைதிகளை 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். "மிஸ்டர் டாட், சட்டையை உள்ள விடுங்க." மிஸ்டர் டாட் ஆள் வாசற்கதவு அகலம், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருப்பான். பேசாமல் சட்டையை உள்ளே விடுவான். இதைப் பார்த்து மற்றக் காவலர்கள் சிரிப்பார்கள். "எர்னி, அவனுக்கு டீயும் கலந்து குடேன்" என்பான் ஒருவன். "உனக்குக் கலந்து குடுத்தா மட்டும் நீ சட்டையை உள்ள விட்டுடுவியா? தொப்பை விடணுமே" என்பார் இவர்.

பெண்களையும் ஆண் கைதிகளின் பிளாக்குக்கு அனுப்பலாம் என்று சட்டம் இறங்கிக் கொஞ்ச காலத்திலேயே சேர்ந்தவர். அதற்கு முன் அவர் அம்மா அதே சிறையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். முதல் நாள் கேப்டன் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சலவைக்கூடம் பின்னாடி" என்றானாம். "சீருடை போட்டுக்கிட்டு யாருங்க துவைக்கப் போவாங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே டி பிளாக். அங்கேதான் எப்போதும் சண்டை, எப்போதும் நாற்றம், வெயில் காலத்தில் அடுப்பு. கறுப்பர் யார், பெண் யார், புதிதாக ஊருக்கு வந்தவர் யார், எல்லோருக்கும் டி பிளாக். காவல் கோபுரம், வாசல், தபால் அறை எல்லாம் மாமன் மச்சான்களுக்கு. அந்த ஊரில் நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு சிறைதான் ஒரே பிழைப்பு; அப்பன் பார்த்த இடத்தை மகன் பார்ப்பான்.

அவர் வந்தபோது வாசல் பலகையில் சிறைச்சாலை என்று இருந்தது. பிறகு திருத்த நிலையம் என்று எழுதினார்கள். காவலாள் என்று கூப்பிட்டது போய்த் திருத்த அலுவலர் என்று ஆயிற்று. இரும்பு நெம்புகோலை இழுத்துக் கதவு திறந்தது போய்ப் பொத்தான் வந்தது, கேமரா வந்தது, மரியாதை பற்றி வகுப்பெடுக்கத் தலைநகரிலிருந்து ஒரு பெண் வந்து போனார். எர்னஸ்டின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "மனுசனைத் திருத்துறதுக்கு முன்னால பலகையைத் திருத்திட்டாங்க. அதுவும் ஒரு வேலைதானே" என்றார் என்னிடம்.

சார்ஜென்ட் பரீட்சையில் ஒவ்வொரு தடவையும் தேறுவார். அதற்கப்புறம் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடத்தில் கவிழ்த்துவிடுவார்கள். கடைசித் தடவை அவர்கள் சொன்ன காரணம், குரலில் அதிகாரம் போதவில்லை என்பது. அந்த இடத்துக்கு டுவைட் கெஸ்லர் வந்தான். அவன் அப்பாவும் அங்கே சார்ஜென்ட், தாத்தாவும் அங்கே காவலாள். கெட்டவன் என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பனியில் சிக்கின வண்டியை யாருடையது என்று பார்க்காமல் தள்ளுவான். ஆனால் காலையில் யார் எங்கே நிற்பது என்று சொல்வது அவன் வேலை. அந்த வேலை கைக்கு வந்ததும் அவனுக்கு ஆட்கள் வேறு வேறாகத் தெரிய ஆரம்பித்தார்கள்.

மரிசோல் வென்சுரா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்து, அவளுக்கும் டி பிளாக் கிடைத்தது. வயிற்றில் பிள்ளை வந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டாள். இல்லை என்றான் கெஸ்லர். ஒருநாள் வாக்கிடாக்கியில் மாற்று ஆள் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்துவிட்டது. கெஸ்லர் பதில் சொன்னான்: "வாளி ஒண்ணு அனுப்பட்டுமா தாயே?" வாக்கிடாக்கி முழுக்கச் சிரிப்பு. ஆள் போகவில்லை. அவளும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் வேலை போய்விடும். நின்றபடியே நனைந்துவிட்டாள். இரண்டு பக்கமும் கம்பிக்குள் கைதிகள். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தனும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டானாம். மேல்தளத்தில் நின்ற எர்னஸ்டின் தன் இடத்தை விட்டுவிட்டு இறங்கி வந்து, தன் மேலங்கியை அவள் இடுப்பில் கட்டி, "நட" என்றார். இடத்தை விட்டு வந்ததற்காக எர்னஸ்டினுக்கு எச்சரிக்கை வந்தது.

மரிசோல் புகார் கொடுத்தாள். கெஸ்லர் தரப்பில், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, அவள் கேட்டதே ஒரு தடவைதான் என்றார்கள். கேட்ட காதுகள் நிறைய. எல்லாம் திடீரென்று செவிடாகிவிட்டன. கைதிகள் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டது எர்னஸ்டின் மட்டும். அவர் பேசாவிட்டால் பொய்ப்புகார் என்று மரிசோலின் வேலை போகும். பேசினால் கெஸ்லரின் சார்ஜென்ட் கைப்பட்டை போகும்.

அப்புறம் வழக்கமான கூத்து ஆரம்பித்தது. காட்டிக்கொடுக்கிறவனை எலி என்பது அந்த ஊர் வழக்கு. காவலர் அறையில் எர்னஸ்டினின் தபால் பெட்டியில், எலிக்கு வைக்கிறதுபோலப் பாலாடைக்கட்டித் துண்டு இருந்தது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து பிஸ்கோத்துக் கட்டு கொண்டுவந்தார். காவலர் அறையின் நடுமேசையில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டியைச் சீவிச் சீவி பிஸ்கோத்தில் வைத்துத் தின்றார்.

"யாரு வைக்கிறீங்கன்னு தெரியல. புண்ணியமாப் போகட்டும். அடுத்த தடவை மிளகு போட்டதா பாத்து வாங்குங்க" என்றார். எனக்கும் ஒன்று நீட்டினார். அதோடு பாலாடைக்கட்டி நின்றது.

மற்றது நிற்கவில்லை. அவர் வந்தால் பேச்சு அறுந்துபோகும். சாப்பாட்டு வேளையில் இவரை விடுவிக்க எவனும் வரமாட்டான். ஒருநாள் டி பிளாக்கில் நீராவிக் குழாய் ஒழுகுகிறது என்று போயிருந்தேன். இடுப்பில் மாட்டியிருந்த அபாயப் பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"பாத்ரூமை அடக்கிக்கலாம் குழாய்க்காரரே. பசியையும் அடக்கிக்கலாம். இதை அமுக்கினா எவனாச்சும் ஓடி வருவானா? அதுதான் எனக்குத் தெரியல."

"வராம இருக்க முடியாதுக்கா. அது சட்டம்."

"வருவானுங்க. நடந்து வருவானுங்க" என்றார்.

புகார் விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம். மருத்துவ அறையில் ஐஸ் இயந்திரம் கெட்டுப்போய், அதன் பின்னால் தரையில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அபாய மணி அடித்தது. எங்களைப் போன்றவர்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். எதிரே நடைவழியில் எர்னஸ்டின் ஓடுவதைப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர். சாப்பாட்டுப் பை தோளில் குதித்தது. பையைச் சுவரோரம் வீசிவிட்டு ஓடினார். அறுபதை நெருங்குகிற முழங்கால். அவர் பின்னால் நடையில் வேறு எவனும் இல்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு சமையல்காரன் சொன்னான். சாப்பாட்டுக் கூடத்தில் கைதிகள் இரண்டு கூட்டத்துக்குள் சண்டை. நடுவில் புகுந்த கெஸ்லரை உருட்டிவிட்டார்கள். தட்டால் முகத்தில் அடி. அவன்தான் பொத்தானை அமுக்கினான். எர்னஸ்டின் தடியை எடுக்கவில்லை. கீழே கிடந்தவனுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து நின்றுகொண்டு, பெயர் பெயராகக் கூப்பிட்டார். "மிஸ்டர் டாட்! சுவரைப் பாருங்க! மிஸ்டர் ஹாலோவே! சுவரைப் பாருங்க!" நான் கூடத்திலிருந்து இரண்டு கதவு தள்ளி, இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தேன். எனக்கே கேட்டது. மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது கூடத்தில் பாதிப்பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

இரண்டு பேரையும் மருத்துவ அறைக்குக் கொண்டுவந்தார்கள். கெஸ்லருக்குப் புருவத்தில் தையல். எர்னஸ்டினுக்கு முழங்கால் திருகி வீங்கியிருந்தது. ஐஸ் கட்ட பை இல்லை என்றாள் தாதி. இயந்திரத்தின் அடியில் மிச்சமிருந்த ஐஸை அள்ளி ஒரு ரப்பர் கையுறையில் போட்டு முடிந்து கொடுத்தேன். ஐந்து விரலும் விறைத்து நிற்க, அதை முழங்காலில் வைத்துக்கொண்டார். தாதி மருந்தெடுக்க உள்ளே போனாள். நான் மறுபடி கீழே படுத்தேன். குழாய்க்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"கீழ கெடந்து பாத்துக்கிட்டே இருந்தேன் எர்னி, எவன் வர்றான்னு" என்றான் கெஸ்லர். "உன் ஷூ தெரிஞ்சுது."

"பாலிஷ் இருந்துச்சா?"

சிரித்தான். சிரித்ததில் தையல் இழுத்து முனகினான்.

"என்ன இருந்தாலும் நாம ஒரே குடும்பம். இன்னிக்கு நீ அதைக் காட்டிட்டே" என்றான். "நானும் மறக்க மாட்டேன். நாளைக்கு அந்தச் சமாச்சாரம்... அங்க போய் என்ன சொல்லப்போற? நடந்து எவ்வளவு நாளாச்சு. சரியா ஞாபகம் இல்லைன்னு சொன்னா முடிஞ்சுது. உன் வயசுக்கு யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க."

என் கையில் இருந்த ஸ்பானரைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டேன்.

"டுவைட்" என்றார் எர்னஸ்டின். குரலில் கோபமே இல்லை, அலுப்புத்தான். "மணி அடிச்சா நான் ஆளைப் பாக்குறதில்ல. ஓடுவேன். அந்தப் பொண்ணும் கூப்பிட்டா. மூணு தடவை. நீ ஆளைப் பாத்த."

"பட்டையைப் பிடுங்கிடுவாங்க எர்னி."

"பிடுங்கலாம்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"அவளுக்கு ஒண்ணு."

தைத்த புருவத்துக்குக் கீழே கெஸ்லரின் கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழங்காலிலிருந்த ஐஸ் கையுறையை எடுத்து, ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, அவன் கண்மேல் வைத்தார். அவன் கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கி ஐஸின் மேல் வைத்து, அவன் தானாகப் பிடித்துக்கொள்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"விடாமப் பிடி" என்றார். "காலைல கண்ணு திறக்கணும்."